லைன் போனால் கூடவே போகும் பெட்டி

அந்த வீட்டில் இருந்தது மூன்று பேர். மூன்று பேர் வாயிலும் ஒரு வாரமாக ஒரே வார்த்தை: இன்வெர்ட்டர். ஆளுக்கு ஒரு பொருளை மனதில் வைத்துக்கொண்டு அந்த ஒரே வார்த்தையைச் சொல்கிறோம் என்பதுதான் யாருக்கும் உறைக்கவில்லை.

மாமாவுக்கு இன்வெர்ட்டர் என்றால், மாடிப்படிக்கு அடியில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கும் பழைய பெட்டி. கரண்ட் போனால் ஹாலில் ஒரு விளக்கையும் ஒரு ஃபேனையும் அது காப்பாற்றும். அவர் மகனுக்கு இன்வெர்ட்டர் என்றால், மொட்டைமாடியில் சோலார் பலகைகள் ஏறிய பிறகு சுவரில் மாட்டப்போகிற புதுப் பெட்டி. மருமகளுக்கோ அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். மாமாவின் மூச்சை நிற்காமல் பார்த்துக்கொள்கிற எதுவோ, அது.

போன வாரம் நடந்தது அவள் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் கரண்ட் போனதே அவளுக்குத் தெரியவில்லை. மாமாவின் அறையோ அந்தப் பழைய பெட்டியின் ஒயரிங்கில் இல்லை. அதை வாங்கிய காலத்தில் அவருக்கு ஆக்சிஜன் மெஷின் தேவைப்படவில்லை. இவள் டீ டம்ளரோடு உள்ளே போனபோது, மெஷின் நின்றுபோய், கூப்பிடக் குரல் எழும்பாமல், கட்டில் விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உதடு நீலமாகியிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றே கணவன் முடிவு செய்துவிட்டான், மாடியில் சோலார் என்று. பலகைகளைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. எந்த இன்வெர்ட்டர் என்று மட்டும் இன்று சாயங்காலத்துக்குள் கடைக்கு உறுதி சொல்லிவிட்டால் வேலை தொடங்கிவிடும்.

“ஹைபிரிட்தான்ப்பா,” என்றான் அவன், காலையில் ஷூ லேஸைக் கட்டியபடி. செருப்புக் கடையில் சூப்பர்வைசர். மிச்சமுள்ள எல்லாத் தொழிலையும் போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டவன். அப்பா அவனைக் கூப்பிடுவதே வீடியோ என்றுதான்.

“வீட்ல ஒரு இன்வெர்ட்டர் இருக்கறப்ப இன்னொண்ணு எதுக்கு?” என்றார் மாமா.

“அது வேறப்பா. அது இன்வெர்ட்டர். இது இன்வெர்ட்டர்.”

“நல்லா விளங்குச்சு, வீடியோ.”

அவன் விடவில்லை. ஆன்-கிரிட், ஆஃப்-கிரிட், ஹைபிரிட் என்று மூன்று வகை, ஒன்று லைனோடு சேர்ந்து ஓடும், ஒன்று தனியாக ஓடும், ஒன்று இரண்டுமாக ஓடும் என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். மருமகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றும் ஏறவில்லை. எது எதோடு ஓடினால் என்ன, மாமா அறையில் மெஷின் ஓடுமா? அதைக் கேட்டால், “அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன்” என்பான். கேட்காமல் விட்டாள்.

வாசல்படி இறங்கும்போது திரும்பி, “புதுசு வர்ற வரைக்கும் நான் ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கேன். கரண்ட் போனா எனக்கு ஒரு போன் பண்ணு, போதும்,” என்றான். என்ன ஏற்பாடு என்றும் அவள் கேட்கவில்லை.

அவளுக்கு வேலை கண்ணாடிக் கடையில். லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைக்கிற வேலை. ஒரே வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் என்ன கூத்து நடக்கும் என்பது அங்கே தினமும் பார்க்கிற விஷயம். “பவர் போயிடுச்சும்மா” என்று ஒருவர் வந்து நிற்பார். கண்ணில் போனதா, வீட்டில் போனதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். அப்படிப்பட்டவளுக்கே இன்வெர்ட்டர் விஷயத்தில் அந்தப் புத்தி வராமல் போனதுதான் வேடிக்கை.

லென்ஸ் பாதி தேய்ந்திருந்தபோது போன் அடித்தது. சோலார் கடைக்காரம்மா.

“ஹைபிரிட் வேண்டாம், ஆன்-கிரிட்டே போதும்னு உங்க வீட்ல இருந்து சொன்னாங்க. உறுதிதானே? மாத்திடட்டுமா?”

“யார் சொன்னாங்க?”

“பேர் சொல்லல. உங்க வீட்டு அட்ரஸைச் சொன்னாரு. நடுநடுவுல நிறுத்தி நிறுத்திப் பேசினாரு.”

எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள். அவன்தான் பாதிப் பேச்சில் வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடுவான், நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவான்.

“இன்வெர்ட்டரை வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே?”

“எந்த இன்வெர்ட்டரை?”

“நீங்க சொன்னதை.”

“நான் வேணும்னுல்ல சொன்னேன். நீ எதுக்கு வேண்டாம்னு சொன்னே?”

“நான் எங்க சொன்னேன்?”

“பின்னே கடைக்காரம்மாவுக்குக் கனவா வந்துச்சு?”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டிக்கொண்ட பிறகு, இரண்டு பேருமே ஹைபிரிட்டின் பக்கம்தான் நிற்கிறோம் என்று தெரிந்தது. அப்படியானால் எதற்குச் சண்டை போட்டோம் என்று யாருக்கும் புரியாமலே போன் வைக்கப்பட்டது. நிறுத்தி நிறுத்திப் பேசுகிற இன்னொருவர் வீட்டில் இருக்கிறார் என்பது, அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பாதி லென்ஸை அப்படியே வைத்துவிட்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்குக் கிளம்பினாள்.

மாமா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் மெஷின் பெருமூச்சு விட்டு விட்டு ஓடிக்கொண்டிருந்தது. ரிட்டயர் ஆகி எவ்வளவோ காலமாகியும் தெருவுக்கு அவர் லைன்மேன்தான். சட்டைப் பையில் டெஸ்டர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட அது தலையணைக்கு அடியில் இருந்தது.

“கடைக்குப் போன் பண்ணினது நீங்களா மாமா?”

“ஆமா.” ஒளிக்கவில்லை. “லைன் போனா கூடவே போற பெட்டி எதும்மான்னு கேட்டேன். ஆன்-கிரிட்னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு. அதையே போடச் சொன்னேன்.”

“கூடவே போயிட்டா உங்க மெஷின் என்ன ஆகும்?”

“அதுக்குத்தான் இன்வெர்ட்டர் இருக்கே.”

“அந்த இன்வெர்ட்டர் ஒயர் உங்க ரூமுக்கே வரலையே மாமா.”

அவர் ஜன்னல் வழியே எதிரே இருந்த கம்பத்தைப் பார்த்தார். மெஷின் ஒரு மூச்சு இழுத்து விட்டது. பிறகு சொல்லத் தொடங்கினார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு இடைவெளி விட்டு. அவரோடு கம்பம் ஏறுகிற ஒருவர் இருந்தாராம். ஜோடி என்றுதான் கூப்பிடுவாராம். ஒரு மழை நாளில் லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறியிருக்கிறார்கள். கீழே ஒரு கடைக்காரர், வியாபாரம் கெடுகிறதே என்று ஜெனரேட்டரை ஓட விட்டிருக்கிறார். தெரு லைனிலிருந்து கடையைப் பிரிக்கிற மெயின் ஸ்விட்சை அணைக்கவில்லை. அந்தக் கரண்ட் கடைக்குள் நிற்காமல், வந்த வழியே திரும்பிக் கம்பத்துக்கு ஏறிவிட்டது.

“செத்த லைன்னு நம்பித் தொட்டான். கை போச்சு. இப்ப இடது கையாலதான் சோறு திங்கிறான்.” குழாயைச் சரிசெய்துகொண்டார். “வீடியோ சொல்றான், தெருவே இருட்டா இருந்தாலும் நம்ம வீட்ல எரியும்னு. எரியும். மேல ஏறினவன்?”

“மாமா...”

“என் மூச்சுக்கு இன்னொருத்தன் கையைக் கேக்க முடியாதும்மா.”

அவளுக்கு இதுவரை இருந்தது ஒரு குழப்பம், இப்போது இரண்டு. கணவன் சொல்வது சரியா? மாமா சொல்வதும் சரிதானே? இரண்டும் சரியென்றால் எந்தப் பெட்டியை வாங்குவது? கடைக்காரம்மாவுக்கே போன் போட்டு, மாமா சொன்னதை அப்படியே சொன்னாள்.

“கூட்டிட்டு வாங்க,” என்றது மறுமுனை. “லைன்மேனுக்கு வாயால சொன்னா ஏறாது. கையால பார்க்கட்டும்.”

சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் வெளியே வருவது அதுதான் முதல் தடவை.

கடைச் சுவரில் ஒரு பலகை. அதில் நிஜமான ஹைபிரிட் இன்வெர்ட்டர் ஒன்று, கீழே பேட்டரி. இடது பக்கம் தெரு லைன் வந்து சேருகிற முனை. வலது பக்கம் எரிந்துகொண்டிருக்கும் ஒரு குண்டு பல்பு. கடைக்காரம்மா இரண்டு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, மாமாவைப் பார்த்தே பேசினாள்.

பேட்டரியிலும் சோலார் பலகையிலும் கரண்ட் ஒரே திசையில் போகும், குழாயில் தண்ணீர் போவதைப் போல. தெரு லைனில் வருவதோ முன்னும் பின்னும் ஆடும், ஊஞ்சலைப் போல. நேராகப் போவதை ஆட வைக்கிற வேலைக்குத்தான் இன்வெர்ட்டர் என்று பெயர். படிக்கட்டுக்கு அடியில் இருப்பதும் அந்த வேலையைத்தான் செய்கிறது, மாடிக்கு வரப்போவதும் அதையேதான் செய்யும்.

“அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?” என்று கேட்டாள் மருமகள்.

“வேலை ஒண்ணு, குணம் வேற. ஆன்-கிரிட் இருக்கே, அது ஆடிட்டு இருக்கிற ஊஞ்சலைக் கூடச் சேர்ந்து தள்ளும். தானா ஆட்டி விடாது. லைன் போயிட்டா ஊஞ்சல் நின்னுடும், இது கையை எடுத்துடும். வெயில் கொளுத்தினாலும் அப்படித்தான்.”

“கொளுத்தினாலுமா?”

“கொளுத்தினாலும். கம்பத்துல ஆள் இருப்பாங்களே, அவங்களுக்காகத்தான்.”

மாமா முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. “பரவாயில்லையே. எங்களைப் பத்தி ஒரு பெட்டி யோசிக்குதே.”

“ஹைபிரிட்டும் யோசிக்கும்யா. பாருங்க.” அவள் தெரு லைன் ஸ்விட்சை அணைத்தாள். டக் என்று ஒரு சத்தம். பல்பு ஒரு தரம் கண் சிமிட்டிவிட்டு மறுபடி எரிந்தது.

மாமா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். வலது முனையில் வைத்தார், டெஸ்டருக்குள் சிவப்பாக மினுங்கியது. இடது முனையில் வைத்தார். ஒன்றுமில்லை. குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை.

“அந்த டக் என்ன?”

“காதுக்கு ஒண்ணாக் கேக்குது, உள்ள ரெண்டு வேலை நடக்குது. முதல்ல தெருப் பக்கத்துக் கதவைச் சாத்திடும். அதுக்கப்புறம்தான் பேட்டரியில இருந்து தானா ஊஞ்சலை ஆட்டி விடும். கதவு சாத்தலைன்னா விளக்கு எரியாது.”

“மறுபடி பண்ணு.”

பண்ணினாள். மறுபடி. மறுபடி. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, அந்த டக்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பெட்டி வீடு முழுவதையும் தாங்காது, முக்கியமான இரண்டு மூன்றை மட்டும் தனி ஒயரில் கொடுக்க வேண்டும் என்று கடைக்காரம்மா சொன்னபோது, முதலில் மெஷின் இருக்கிற அறை என்று மருமகள் முந்திக்கொண்டாள். மாமா அவளை ஒரு பார்வை பார்த்தார்.

“இதையே போட்டுடும்மா,” என்றார் கடைக்காரம்மாவிடம்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஒரு வாரக் குழப்பம் ஒரு டக்கில் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டே ஆட்டோ ஏறினாள்.

தெரு முனை திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டு வாசலில் கணவன் நின்றிருந்தான். காலையில் போனில் போட்ட சண்டைக்குச் சமாதானமாகச் சீக்கிரம் வந்திருக்கிறான். முகமெல்லாம் சிரிப்பு. அவனுக்குப் பின்னால் ஹாலிலும் சமையலறையிலும் மாமா அறையிலும் விளக்கு. டிவிகூட ஓடிக்கொண்டிருந்தது. எதிரே கம்பத்தில் ஏணி சாய்ந்திருக்க, அதில் மின்சார ஆபீஸ் லைன்மேன் பாதி ஏறியிருந்தார்.

“நம்ம வீட்டுக்கு மட்டும் கரண்ட் போயிடுச்சுப்பா. நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துல நான் வந்தேன், அப்பவே இல்ல. கம்ப்ளெய்ன்ட் பண்ணினேன், வந்துட்டாங்க.”

மாமா வீட்டு விளக்கைப் பார்த்தார். “இல்லைங்கிறே. எரியுதே?”

“அதான் என் ஏற்பாடு. ரெண்டு முனையிலயும் பின் வெச்சு ஒரு ஒயர் பண்ணினேன். ஒரு முனை இன்வெர்ட்டர்ல, இன்னொரு முனை உங்க ரூம் பிளக்ல. உங்க ரூமுக்கு மட்டும்னு பார்த்தா வீடு முழுக்க வந்துடுச்சு. இனிமே உங்க மெஷின் நிக்காதுப்பா.”

“மெயின்?” என்றார் மாமா.

“மெயின் என்ன?”

காலையில் கேட்டிருந்தால் மருமகளுக்கும் புரிந்திருக்காது. இப்போது புரிந்தது. சுவருக்குள் ஓடும் ஒயருக்குப் போகிற வழி, வருகிற வழி என்று எதுவும் கிடையாது. கரண்ட் வெளியே வரவேண்டிய பிளக்கில் கரண்டை உள்ளே விட்டால், அது வீட்டு ஒயர் எல்லாவற்றிலும் பரவும். மெயின் ஸ்விட்சை இறக்காமல் விட்டால் மீட்டரைத் தாண்டும். மீட்டரைத் தாண்டினால் அடுத்தது கம்பம்தான். இவர்கள் வீட்டுக்கு மட்டும் கரண்ட் இல்லையென்றால் கம்பத்தில் ஃபியூஸ் போயிருக்க வேண்டும், அதனால் தெருவுக்குப் பரவாது. அவர்கள் வீட்டு ஒயரின் நுனியில், ஒரு கைக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். இந்த வீட்டில் கதவைச் சாத்தாமலே விளக்கை ஏற்றியிருக்கிறார்கள்.

மாமா கம்பத்தை நோக்கிக் கையை உயர்த்தினார். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இருமல்தான் வந்தது.

“அண்ணே, தொடாதீங்க, ஒயர்ல கரண்ட் இருக்கு,” என்று அவள் கத்திவிட்டு உள்ளே ஓடினாள். படிக்கட்டுக்கு அடியில் குனிந்து, பழைய பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். உறுமல் நின்றது. டிவி நின்றது. வீடு இருண்டது. மாமா அறையில், யாரும் இல்லாத கட்டிலுக்குப் பக்கத்தில், மெஷின் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. சுவரைத் தடவிக்கொண்டு போய் மெயினையும் இறக்கினாள்.

வெளியே வந்தபோது ஏணியில் இருந்தவர் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.

“வீட்ல வேற ஏதாவது ஓடுதா?” என்று கேட்டார் மேலிருந்து.

மாமா தோளில் துணிப்பையோடு ஏணியின் அடியில் போய் நின்றிருந்தார். திரும்பி மருமகளைப் பார்த்தார். “எல்லாத்தையும் நிறுத்திட்டேன், மெயினும் இறக்கிட்டேன் மாமா,” என்றாள் அவள்.

“இல்லப்பா,” என்றார். இந்தத் தடவை குரல் வந்தது. “மெயினும் இறக்கியாச்சு. டெஸ்டரை வெச்சுப் பார்த்துட்டுத் தொடு.”

மேலே இருந்தவர் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். பிறகு ஒயரைத் தொட்டார்.

கணவன் சுவரோரம் நின்றிருந்தான். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவன் முகம் சொன்னது. உள்ளே போய் அந்த இரண்டு முனை ஒயரைக் கழற்றிக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினான். அவர் வாங்கிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

“எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒண்ணு போதுமேடா. பெட்டியில இருந்து நேரா மெஷினுக்கு.”

அவன் ஓடினான். அயர்ன் பாக்ஸுக்கு வைத்திருந்த நீள ஒயரைப் படிக்கட்டிலிருந்து கட்டில்வரை இழுத்தான். மருமகள் பொத்தானை அழுத்தினாள். பெட்டி உறுமவில்லை. பீப், பீப் என்று அழுதது. ஃபிரிட்ஜும் டிவியும் சேர்ந்து பேட்டரியை உறிஞ்சித் தீர்த்திருந்தன.

வாசலுக்கு வந்து, மாமாவின் தோளிலிருந்த துணிப்பையை விலக்கிப் பார்த்தாள். சிலிண்டரின் முள், தீரப்போகிறது என்று காட்டும் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அதே நேரம் ஏணியிலிருந்து குரல் வந்தது.

“ஐயா, ஃபியூஸ் மட்டும் இல்லைங்க. கம்பத்துல இருந்து உங்க வீட்டுக்கு வர்ற ஒயரே உள்ளுக்குள்ள கருகியிருக்கு. ஆபீஸுக்குப் போய்ப் புது ஒயர் எடுத்துட்டு வரணும். கொஞ்ச நேரம் தாங்குவீங்கல்ல?”

மருமகள் அந்த நீள ஒயரைச் சுருட்டிக்கொண்டு, விளக்கு எரிகிற பக்கத்து வீட்டை நோக்கி ஓடினாள்.